குச்சியால் அளந்து கூலர் வாங்கியவர்

எழுதிப் பழக்கமில்லாதவன் நான். பத்தாவதோடு படிப்பு முடிந்தது. துணிந்து எழுதுவதைப் பொறுத்துக்கொள்ளுங்கள்.

மவுஸ் வாங்கக் கடலூரில் ஒரு கம்ப்யூட்டர் கடைக்குப் போயிருந்தேன். சிதம்பரத்திலிருந்து வந்த ஒருவர், பிராசசரின் சூட்டைத் தணிக்கும் கூலர் தேடிக்கொண்டிருந்தார். வெள்ளைச் சட்டை, நெற்றியில் விபூதி, பையில் பேனாவுக்குப் பக்கத்தில் ஒரு துடைப்பக்குச்சி. அவருடைய கம்ப்யூட்டர் பெட்டிக்குள் இருக்கும் இடத்துக்கு அளவாக ஒடித்த குச்சி அது. விலை குறைந்த கூலர் ஒவ்வொன்றின் பக்கத்திலும் அதை நிறுத்திப் பார்த்தார். எல்லாமே ஒரு விரல் உயரம் கூடுதல்.

"பெட்டிய மூடாமயே ஓட்டுங்க மாமா," என்றார் கடைக்காரர்.

"இப்ப அப்படித்தான் ஓடுது. கதகதப்பா இருக்குன்னு பூன அதுல போயி படுத்துக்குது. இன்னிக்கு மூடலன்னா பழைய இரும்புக்காரனுக்குப் போட்டுடுவேன்னு வூட்ல சொல்லிட்டாங்க."

பிராசசரின் வேகத்தைக் கொஞ்சம் கூட்டி வைத்ததால்தான் அந்தச் சூடாம். நான் தயங்கித் தயங்கி, "வேகத்தக் கொறச்சிட்டா கூலரே வேணாமே சார்?" என்றேன்.

அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். "கொழம்பு காரம் ஜாஸ்தின்னா மோர் குடிப்பீங்களா, கொழம்பே வேணாம்பீங்களா?"

கடைசியில் குச்சிக்கு அடங்கிய குட்டிக் கூலர் ஒன்று கிடைத்தது. "கொஞ்சமா ஏத்துனதுக்கு இது தாங்கும் மாமா," என்றார் கடைக்காரர். கிளம்புமுன் சிதம்பரத்துக்காரர் வேகத்தைக் கூட்டும் விதத்தை எனக்குச் சொல்லிக்கொடுத்தார். நான் கேட்கவே இல்லை.

மறுநாள் காலை எங்கள் வீட்டுக் கம்ப்யூட்டரின் வேகத்தைக் கொஞ்சம் கூட்டினேன். மத்தியானத்துக்குள் பெட்டி சுட்டது. சாயங்காலம் துடைப்பத்திலிருந்து ஒரு குச்சியை உருவினேன்.