பானையடி மணல்

ஓரிடத்தில் நிற்கத் தெரியாதவள் நான். பாடம் சொல்லிக் கொடுக்கும்போதுகூட வகுப்பை நாலு சுற்றுச் சுற்றுவேன். அந்த என்னைத்தான், கலியாணமாகி ஐந்தாம் வருஷம், ஐப்பசி மழைக்குள் மருத்துவச்சி பாயில் கிடத்தினாள். அதற்குமுன் இரண்டு பிள்ளைகள் வயிற்றில் தங்காமலே போயிருந்தன.

"இது தங்கணும்னா எந்திரிக்கப்படாது. கட்டில் ஏறப்படாது. துள்ளப்படாது. தும்முனாலும் பைய தும்மு," என்று சொல்லிவிட்டுப் போனாள்.

பாளையங்கோட்டையில் வாய்க்கால் கரையை ஒட்டின வீடு. ஓட்டுக் கூரை, சாணி மெழுகிய தரை. என் கணவரும் பள்ளிக்கூட வாத்தியார்தான். பத்தமடைக்கு வண்டி கட்டிப் போய், பட்டுத் துணிபோல மடங்குகிற கோரைப்பாய் ஒன்று வாங்கிவந்து விரித்தார். நான் தண்ணீருக்கு எழுந்துவிடக் கூடாதே என்று, அடுக்களைப் பானையை என் தலைமாட்டுக்குக் கொண்டுவந்தார். ஆற்றுமணல் இரண்டு கூடை கொட்டி, நனைத்து, குழி பண்ணி, அதில் பானையை உட்கார வைத்தார். கையை நீட்டினால் செம்பு, செம்பு நிறையக் குளிர்ச்சி. சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டு கொஞ்சம் அழுதேன். சந்தோஷத்தில்தான்.

எட்டாம் நாள் ஒரு பூரான் வந்தது.

அவர் செருப்பால் அடித்தார். மறுநாள் இரண்டு. அன்றிலிருந்து தினமும் பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் வேப்பிலையைக் கொதிக்கவைத்து, தரையெல்லாம் ஊற்றிக் கழுவினார். மூலைமூலையாக ஊற்றினார். பூரான் மூன்றானது, ஐந்தானது.

எங்களுக்குச் சோறு பொங்கித் தந்த பக்கத்து வீட்டு அக்கா, கருப்பட்டித் துண்டு ஒன்றை என் தலையணைக்கடியில் செருகினாள். "கடிச்சா இதக் கரைச்சுக் குடிச்சிரு, வாத்திச்சி. தடிப்பு அமுங்கும்." பிறகு தரையைப் பார்த்துவிட்டு, "வாத்தியார் ஊத்துத தண்ணிக்கு இங்கனயே நாத்துப் பாவலாம்ளா!" என்றாள். வயிறு குலுங்கச் சிரிக்கவும் எனக்கு அனுமதி இல்லை. உதட்டைக் கடித்துக்கொண்டேன்.

ஒரு மத்தியானம் தனியாகக் கிடந்தேன். பானைப் பக்கமிருந்து ஒன்று வந்தது. சாண் நீளம், வேகவைத்த பனங்கிழங்கு நிறம். பாயின் ஓரத்தைக் கொம்பால் தடவிப் பார்த்தது. பிறகு நீட்டிக் கிடந்த என் கைமேல் ஏறியது.

துள்ளப்படாது.

வயிற்றுக்குள் இருக்கிற உயிருக்காக, உடம்பில் ஓடிய ஒவ்வொரு நரம்பையும் பிடித்து நிறுத்தினேன். அத்தனை கால்களும், வயலில் காற்று போவதுபோல, ஒன்றன்பின் ஒன்றாய் என் தோல்மேல் சாய்ந்து எழுந்து போயின. கனமே இல்லை. கடிக்கவும் இல்லை. என் கை அதற்கு வழியில் கிடந்த ஒரு வரப்பு, அவ்வளவுதான். அந்தப் பக்கம் இறங்கி, சுவரோரம் ஓடின கரப்பானைக் கவ்விக்கொண்டு, ஈரத்தோடு ஈரமாகப் போய்ப் பானையடி மணலுக்குள் நுழைந்தது.

பயம் போய்விட்டது என்று சொன்னால் பொய். ஆனால் அன்றுமுதல் கண்ணை மூடவில்லை, பார்த்தேன். வேறு வேலை என்ன எனக்கு? வாசலோரம் தரை காய்ந்த இடம் வந்ததும் அவை திரும்பிவிடும். வெயில் விழுந்தால் ஒதுங்கும். ஈரம் போகிற வழியே போகும், மணலில் போய் முடியும். என்னைத் தேடி ஒன்றும் வரவில்லை. அவர் எனக்காகக் கட்டிய குளிர்ச்சியைத் தேடித்தான் வந்தன.

இதை அவரிடம் எப்படிச் சொல்வது? இரண்டு நாள் நாக்கு எழவில்லை. மூன்றாம் நாள் அவர் வேப்பந்தண்ணீரோடு வந்தபோது சொன்னேன்.

"கேட்டியளா, தண்ணி ஊத்தாதிய. ஈரத்துக்குத்தான் அது வருது. அந்த மணலு..."

அவர் பானையைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். "நான் வச்சதுலா அது," என்றார், மெதுவாக.

"நீங்க வச்சதுதான். எனக்காக வச்சது."

வேப்பந்தண்ணீரை ஓரமாக வைத்துவிட்டுப் பானையை இறக்கினார். மண்வெட்டியால் மணலை ஒதுக்கியவர் அப்படியே நின்றுவிட்டார். மணலுக்குள் ஒரு பூரான் சுருண்டு கிடந்தது. நடுவில் கம்பரிசி போல வெளிர்மஞ்சள் முட்டைகள். மேலே வெளிச்சம் விழுந்தும் அது ஓடவில்லை. கால்களையெல்லாம் உள்ளே மடக்கி முட்டைகளை இன்னும் இறுக்கிக்கொண்டது. மண்வெட்டி மேலே போனது.

"வேண்டாம்," என்றேன். "அதுவும் அசையாமத்தான் கிடக்கு."

அவர் அந்த மணலை அப்படியே முறத்தில் ஏந்தி, மழைத்தூறலில், வாய்க்கால் கரை வாழையடிக்குக் கொண்டுபோனார். திரும்பி வந்ததும் கேட்டேன்: "சுருள் அவுந்துட்டா?"

"இல்ல. அப்படியேதான் இருக்கு."

தரை காய நாலு நாளாயிற்று. பானை அடுக்களைக்குத் திரும்பியது. அவர் எனக்குத் தண்ணீர் எடுத்துத் தர இடைவேளையிலும் மத்தியானத்திலும் பள்ளிக்கூடத்திலிருந்து ஓடி ஓடி வந்தார். பூரான்கள் ஒவ்வொன்றாய்க் குறைந்து, பிறகு வரவே இல்லை. பங்குனியில் அதே அறையில், உலர்ந்த தரையில், என் மகள் பிறந்து ஊரைக் கூட்டினாள்.

இப்போது அவளுக்குப் பன்னிரண்டு வயது. என்னைப்போலவே ஓரிடத்தில் நிற்க மாட்டாள். அவள் வாழைக்குள் ஓடும்போதெல்லாம் அவரிடம் கேட்டுக்கொண்டிருக்கிறேன், "அன்னைக்கு நெசமாவே அது சுருள் அவுக்கலியா?" என்று. அவரும் சளைக்காமல் சொல்கிறார், "அப்படியேதான் இருந்துச்சு." மழையில், இருட்டுகிற நேரத்தில், முறத்துக்குள் அவர் என்னதான் கண்டாரோ. அந்தப் பதிலைப் பிடித்துக்கொண்டுதான் மீதி மாதங்களை அசையாமல் கிடந்தேன். அப்படிச் சொன்னதற்கு அவருக்கு இன்னும் நன்றி சொல்லி முடியவில்லை.