நிழல் பார்த்து ஏற வேண்டிய மலை

எனக்கு எழுத வராது. அஞ்சாம் வகுப்போடு நின்றவள். எழுத்து கோணலாகப் போகும். ஒன்றைச் சொல்லும்போதே இன்னொன்று மறந்துபோகும். பொறுத்துக்கொள்ளுங்கள். ஆனால் மலையேறுவதற்கு இப்போது ஆளாளுக்கு யோசனை சொல்கிறார்கள். எந்த வழி சுகம், எந்த வழி அழகு, நாயைக் கூட்டிப் போகலாமா என்று. சொல்கிறவர்களின் உள்ளங்காலைப் பார்த்தால் வெண்ணெய் மாதிரி இருக்கிறது. கேட்கப் பொறுக்காமல்தான் எழுத உட்கார்ந்தேன்.

நான் பிறந்தது திருவண்ணாமலையில், மலைக்கு மேற்கே அடி அண்ணாமலைப் பக்கம். எட்டு வயதிலிருந்து கல்யாணம் ஆகும்வரை, கூரை போட விற்கிற புல்லை அறுக்க தினமும் மலைக்குப் போனவள். வாழ்க்கைப்பட்டது செங்கம் ரோட்டில், ஆசிரமத்துப் பக்கம். என் வீட்டுக்காரர் லாரியில் போனால் பத்து நாள் வரமாட்டார். வீடு அவருடைய அண்ணனுடையது, எனக்கு மாமா முறை. ரெண்டு அறையை, மலை பார்க்க வருகிறவர்களுக்கு அவர் வாடகைக்கு விடுவார். சமையல் என்னுடையது. புருஷனுடைய அண்ணன் எதிரில் எங்கள் குடும்பத்துப் பெண்கள் வாய் திறப்பதில்லை. எனக்கு அது சௌகரியமாகவே இருந்தது, நான் கூச்சக்காரி. ஆனால் காது இருந்தது. சமையலறைக் கதவு பாதி திறந்தே இருக்கும்.

மாமா மலையேறியது மொத்தமே மூன்று முறை. மூன்றும் தீபத்தன்று. கார்த்திகையில் மழை பெய்து மலை ஊறிக் கிடக்கும். பாறைக்குப் பாறை தண்ணீர் சொட்டும். மேகம் போர்த்தியிருக்கும். பின்னால் வருகிற கூட்டமே ஆளை மேலே தள்ளிவிடும். அப்படித் தள்ளப்பட்டுப் போய் வந்தவர், தானே ஏறியதாக நினைத்துக்கொண்டார். வருஷம் முழுக்க மலை அப்படியே இருக்கும் என்றும் நினைத்துக்கொண்டார். அந்த அறிவை வைத்துக்கொண்டு வருகிறவர்களுக்கெல்லாம் வழி சொல்வார்.

ஒரு சித்திரை மாதம் மெட்ராஸிலிருந்து ஒரு பாங்கு ஆபீசர், மனைவியோடும் நாயோடும் வந்து தங்கினார். நாய் வெள்ளை. உடம்பெல்லாம் பஞ்சு மாதிரி மயிர். அந்த அம்மா அதைத் தரையில் விட்டதைவிட மடியில் வைத்திருந்த நேரம்தான் ஜாஸ்தி. அவர்கள் சாப்பிட்டு முடித்தாலும் அது சாப்பிடாமல் அந்த அம்மா எழுந்திருக்காது.

ஆபீசரிடம் ஒரு நோட்டு இருந்தது. ஏற்காடு, ஏலகிரி, கொடைக்கானல் என்று ஏறிய மலைகளை எழுதி, பக்கத்தில் மார்க் போட்டிருந்தார். கொடைக்கானலுக்கு எண்பது. பள்ளிக்கூடத்தில் எனக்கு மார்க் போட்ட வாத்தியார்கூட அவ்வளவு மிதப்பாக உட்கார்ந்ததில்லை.

"கஷ்டமில்லாம, ஆனா உச்சி வரைக்கும் போற வழியா சொல்லுங்க. நாயும் வருது" என்றார்.

"அதுக்கின்னா சார், பெரிய கோயிலுக்குப் பின்னால நேரா ஏறுது பாருங்க, அதான் ராஜபாட்டை" என்றார் மாமா. "ஏழு மணிக்கு டிபன் சாப்ட்டுக் கிளம்புங்க. வழியெல்லாம் தண்ணி. குளுகுளுன்னு இருக்கும். நாய் உங்களுக்கு முன்னால போயிடும்."

"செருப்பு?"

"மலையே சாமி சார். செருப்புக்காலோட மெரிக்கக்கூடாது."

ஆபீசர் யோசித்தார். சாமிக்கும் பயம், கல்லுக்கும் பயம். "சாக்ஸ் போட்டுக்கலாமில்ல?"

"ரெண்டு ஜோடியாவே போட்டுக்கங்க."

எனக்குள் எரிந்தது. கோயில் இருப்பது மலைக்குக் கிழக்கே. அந்தச் சரிவில் பொழுது கிளம்பின உடனே வெயில் விழும். எட்டு மணிக்குப் பாறை தோசைக்கல். சித்திரையில் சுனைகளின் அடியில் சேறு காய்ந்து வெடித்திருக்கும். புல் அறுக்கிற நாங்கள் காலையில் மேற்குப் பக்கமாகத்தான் ஏறுவோம். மலையின் நிழல் மேற்கே விழுகிற நேரம் அது. நிழல் சுருங்கி வெயில் எங்களைத் தொடுவதற்குள் கட்டுடன் இறங்கிவிடுவோம். இதைத் தெரிந்துகொள்ள நோட்டு வேண்டாம்.

மறுநாள் காலை அந்த அம்மா நாய்க்குப் பால் வாங்க சமையலறைக்கு வந்தது. நான் அடுப்பைப் பார்த்துக்கொண்டே, "நாயை இங்க வுட்டுட்டுப் போங்கம்மா. கல்லு சுடும். தண்ணி இருக்காது" என்றேன். ஒரு வாரத்தில் நான் அந்த அம்மாவோடு பேசிய முதல் பேச்சு அது.

அந்த அம்மா போய்ச் சொல்லியிருக்கிறது. கூடத்தில் மாமா சிரிப்பது கேட்டது.

"யாரு, உள்ள இருக்கறவளா? அது புல்லு அறுத்த கழுதை. அதுக்கு மலைன்னா புல்லுதான் தெரியும். நான் மூணு வாட்டி உச்சியில நின்னவன்."

"நாய்க்குக் கால்ல இயற்கையாவே மெத்தை இருக்கு" என்றார் ஆபீசர். "புத்தகத்துல படிச்சிருக்கேன்."

போனார்கள்.

பன்னிரண்டு மணிக்கு ஆபீசர் திரும்பினார். முகம் வெந்திருந்தது. ரெண்டு ஜோடி சாக்ஸும் கிழிந்து தொங்கின. பின்னாலேயே அந்த அம்மா அழுதபடி வந்தது. கையில் நாய்ச் சங்கிலி மட்டும் இருந்தது.

"பாதி தூரத்துல படுத்துக்கிச்சு. தூக்கினா கடிக்க வருது. எங்ககிட்ட தண்ணியும் தீந்துபோச்சு" என்றது.

"நாய் தானா வந்துடும். மோப்பம் இருக்கு" என்றார் ஆபீசர்.

"ஆமா சார், வந்துடும்" என்றார் மாமா. "நீங்க மோர் சாப்டுங்க."

மோர் சாப்பிட்டார்கள், ரெண்டு பேரும், ஃபேனுக்குக் கீழே உட்கார்ந்து.

அந்த வெயிலில் தண்ணீர் இல்லாமல் அது சாயங்காலம் வரை தாங்காது. ஆடே தாங்காது. நான் ஒரு குடம் தண்ணீரும் பழைய வேட்டித் துணியும் எடுத்துக்கொண்டு கொல்லைப்புறமாகக் கிளம்பினேன். யாரிடமும் சொல்லவில்லை. சொன்னால் மாமா அதற்கும் ஒரு வழி சொல்வார்.

கல்யாணத்துக்குப் பிறகு மலையில் கால் வைத்தது அன்றுதான். கால் மறக்கவில்லை. பாறையை விட்டு, காய்ந்த புல் இருக்கிற இடமாக மிதித்து ஏறினேன். பாதிக்கு மேல் போனதும் வெள்ளாடுகள் மத்தியானம் படுக்கிற இடுக்குகளாகப் பார்த்தேன். வெயிலுக்கு ஒதுங்குகிற புத்தி ஆட்டுக்கும் நாய்க்கும் ஒன்றுதான். மனிதருக்குத்தான் அது கம்மி. மூன்றாவது இடுக்கில் கிடந்தது. நாக்கு தொங்கி, கண் மேலே செருகியிருந்தது. நாலு காலிலும் தோல் உரிந்திருந்தது. இயற்கை வைத்த மெத்தை.

வாயில் தண்ணீர் விடவில்லை. முதலில் வயிற்றையும் காதையும் நனைத்தேன். ரொம்ப நேரம் அசையவே இல்லை. செத்ததுக்குத்தான் தண்ணீர் ஊற்றுகிறோமோ என்றுகூட நினைத்தேன். பிறகு என் விரலை ஒருமுறை நக்கியது. உள்ளங்கையில் ஊற்றிக் கொஞ்சம் கொஞ்சமாகக் குடிக்க வைத்தேன். காலில் துணி சுற்றி, ஈரத் துணியோடு மூட்டையாகக் கட்டித் தலையில் வைத்துக்கொண்டேன். புல் கட்டைவிடக் கனம் கம்மி. ஆனால் புல் கட்டு முனகாது.

வாசல் வழியாகவே வந்தேன். அந்த அம்மா ஓடி வந்து வாங்கிக்கொண்டது. என் கால் இரண்டையும் தொட்டது. எனக்கு வெட்கமாகிவிட்டது. மாமா எழுந்து நின்று, "நான்தான் சார் அனுப்பினேன். சொன்னேனில்ல, வந்துடும்னு" என்றார்.

ஊருக்குக் கிளம்புகிற நாளில் ஆபீசர் நோட்டைத் திறந்து எங்கள் மலைக்கு முப்பத்தைந்து போட்டார். வெயிலுக்கு நிறையக் கழித்துக்கொண்டாராம். பாஸ் மார்க்காவது போட்டாரே என்று மாமாவுக்குச் சந்தோஷம்.

மார்கழியில் அந்த அம்மா மட்டும் நாயோடு வந்தது. நேராகச் சமையலறைக்கு வந்தது. "சார் வரலையாம்மா?" என்று நான் கேட்டதற்கு, "அவரு குற்றாலத்துக்கு மார்க் போடப் போயிருக்காரு" என்றது. எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "எந்த வழின்னு நீ சொல்லு. நீயும் வா" என்றது.

விடிந்தும் விடியாமல் மேற்கே கூட்டிப் போனேன். மலையின் நிழலுக்குள்ளேயே ஏறினோம். காலுக்கடியில் ஈரமண்ணும் புல்லும். நாய் மோந்து மோந்து போனது. ஒரு சுனையில் வாய் வைத்து, தும்மி, மறுபடி குடித்தது. பாதிக்குக் கொஞ்சம் மேலே, நிழலின் விளிம்பு எங்களை நெருங்கியபோது, இறங்கலாம் என்றேன்.

"உச்சி?"

"அது எங்கம்மா போவப்போவுது? நாய் இன்னும் வாலாட்டிக்கினு இருக்கும்போதே இறங்கிடணும்."

அவ்வளவுதான் விஷயம். நிழல், தண்ணீர், புல், நாயின் வால். இதைப் பார்த்து வழியைத் தேர்ந்தெடுக்கத் தெரியாதவர்கள், உயரத்தை மட்டும் கணக்குப் போட்டுப் பெருமூச்சு விடுவார்கள்.

நாங்கள் போய் வந்ததை மாமா பார்த்துக்கொண்டிருந்தார். கொஞ்ச நாளில் வருகிறவர்களிடமெல்லாம், "மேற்கு வழின்னு ஒண்ணு நானே கண்டுபுடிச்சி வெச்சிருக்கேன். நாயெல்லாம்கூடப் போவும்" என்று சொல்ல ஆரம்பித்தார். சொன்னதோடு, "மூணு மணிக்கு டீ குடிச்சிட்டு ஏறுங்க" என்றும் சொல்வார். மூன்று மணிக்குப் பொழுது முழுக்க மேற்குச் சரிவில்தான் அடிக்கும். வழியைத் திருடினார், நிழலைத் திருடத் தெரியவில்லை.

ஒருநாள் ஒரு குடும்பம் நாயோடு மூன்று மணிக்குக் கிளம்பி நின்றது. நான் கதவை முழுக்கத் திறந்துகொண்டு கூடத்துக்கு வந்தேன். "காலையில போங்க. இப்ப போனா நாய் செத்துடும்" என்றேன், மாமாவின் எதிரிலேயே. அவர்கள் செருப்பைக் கழற்றிவிட்டு அறைக்குத் திரும்பிவிட்டார்கள்.

அந்தச் சித்திரை வந்த வருஷம் எண்பதா, எண்பத்தொன்றா என்று நிச்சயமில்லை. கொடைக்கானலுக்கு எண்பதா எழுபதா என்பதும் குழப்பம்தான், அதைத் திருத்தாவிட்டால் பரவாயில்லை. ஆனால் மேற்குச் சரிவில் நிழல் எந்த மாதம் எத்தனை மணிவரை நிற்கிறது, அந்தச் சுனையில் இன்னும் தண்ணீர் இருக்கிறதா என்பதை மட்டும், கால் திடமாக உள்ள யாராவது விடியற்காலையில் போய்ப் பார்த்து, நான் எழுதியதில் தப்பிருந்தால் சரிசெய்யுங்கள். முதல் தடவை நாயை வீட்டில் விட்டுவிட்டுப் போங்கள்.