பர்சோன் என்றால் எப்போது

1. சனிக்கிழமை காலை, ஏமனுக்கான அரசின் பயண எச்சரிக்கையில் ஒரு வாக்கியம் மாறியிருந்தது.
2. ஏமனின் தலைநகரான சனாவில் என் கணவர் இருந்தார்.
3. ஞாயிறு காலை விமானத்தில் அவருக்கு இடம் கிடைத்தது. அதற்கு அடுத்த விமானம் உண்டா என்று யாருக்கும் தெரியவில்லை.
4. விமான நிலையத்துக்குப் போகும் சாலை எப்படி இருக்கிறது என்று கேட்டு அவருக்குக் குறுஞ்செய்தி அனுப்பினேன்.
5. பதில் வந்தது. அதில் ஒரு சொல்லுக்கு நான் வேறு பொருள் எடுத்துக்கொண்டேன்.
6. அந்தப் பொருளை நம்பி, அவரை அங்கேயே இருக்கச் சொல்வது என்று அலுவலகத்தில் முடிவானது.
7. என் நாத்தனார் சிரித்தாள்.

வரிசை போட்டுப் பார்த்தால் சின்ன விஷயமாகத்தான் தெரிகிறது. அன்று அப்படித் தெரியவில்லை.

நானும் என் கணவரும் ஐதராபாத்தில், கச்சிபௌலியில் ஒரே மென்பொருள் நிறுவனத்தில் வேலை பார்த்தோம். கைபேசி நிறுவனங்களுக்கு பில் போட்டுத் தரும் மென்பொருள் எங்களுடையது. வாடிக்கையாளரின் ஊருக்குப் போய் அதை நிறுவிக் கொடுப்பவர் அவர். நிறுவுவதற்கு முன் அதில் குறை கண்டுபிடிப்பவள் நான். எனக்குச் சொந்த ஊர் திருநெல்வேலிப் பக்கம். வேலை கிடைத்து ஐதராபாத் வந்தவள். அவர் குடும்பம் வெள்ளைக்காரன் காலத்திலேயே பட்டாளத்தோடு செகந்திராபாத்துக்கு வந்து திருமுல்கேரியில் தங்கிவிட்ட தமிழ்க் குடும்பம். கல்யாணமானதும் நாங்கள் அலுவலகத்துக்குப் பக்கத்திலேயே குடியிருந்தோம். அவர் சனாவுக்குக் கிளம்பிய பிறகுதான் நான் திருமுல்கேரி வீட்டுக்கு வந்தேன். அங்கே மாமியாரும், கல்லூரியில் கடைசி வருஷம் படிக்கும் நாத்தனாரும் இருந்தார்கள்.

அவர் போகும் நாட்டின் பெயரைச் சொன்னபோதே என் அம்மாவுக்குப் பிடிக்கவில்லை.

"எங்கட்டி போறாவ மாப்பிள்ளை?"

"ஏமன்மா."

"எமனா?"

"எமன் இல்லம்மா, ஏமன். நெடில்."

"நெடிலா இருந்தா என்ன, குறிலா இருந்தா என்ன? ஒரு நாட்டுக்கு வைக்கதுக்கு வேற பேரே கெடைக்கலையாக்கும்!"

மாமியாரும் அந்தப் பெயரைச் சொல்லமாட்டார். 'அந்த ஊரு' என்பார். என் கணவர் மட்டும் ஊருக்குள் பஸ் ஏறுவதுபோலப் பேசினார். ஐதராபாத்தின் தெற்கே பார்க்கஸ் என்ற பகுதியில் ஏமனிலிருந்து வந்து தலைமுறைகளாக வாழும் குடும்பங்கள் உண்டு. "அங்க பாதிப் பேருக்கு சனாவுல ஒரு சித்தப்பா இருக்காரு. நமக்கு என்ன பயம்?" என்பார்.

அவர் கிளம்பும்போதே அந்த நாட்டுக்குப் பயண எச்சரிக்கை இருந்தது. 'அத்தியாவசியமற்ற பயணத்தைத் தவிர்க்கவும்' என்ற அளவில்தான். நம் பயணம் அத்தியாவசியமா இல்லையா என்பதை அரசு சொல்லவில்லை, வாடிக்கையாளர் சொன்னார். பில் போகாவிட்டால் கைபேசி நிறுவனத்துக்குப் பிழைப்பு ஏது? எனவே அத்தியாவசியம்.

என் தொழில் பழக்கம், தினமும் காலையில் அந்தப் பக்கத்தைத் திறந்து முந்தைய நாளின் பிரதியோடு வரிக்கு வரி ஒப்பிட்டுப் பார்ப்பேன். நம் அரசின் எச்சரிக்கை மட்டுமல்ல, வேறு சில நாடுகளின் எச்சரிக்கைகளையும் படித்தேன். ஒன்று 'மறுபரிசீலனை செய்யவும்' என்றது. இன்னொன்று 'கூட்டம் கூடும் இடங்களுக்குப் போகாதீர்கள்' என்று அக்காவைப்போலச் சொன்னது. ஒவ்வொரு அரசுக்கும் ஒரு வினைச்சொல். சில வாரங்களில், எந்த அரசு எந்த அளவு பயந்தால் எந்த வினைச்சொல்லுக்கு வரும் என்பது எனக்குப் பிடிபட்டுவிட்டது.

அந்தச் சனிக்கிழமை நம் அரசின் பக்கத்தில் மாறியிருந்த வாக்கியம் ஆங்கிலத்தில் இருந்தது. தமிழில் சொன்னால் இப்படி வரும்: வணிக விமானங்கள் இயங்கும்போதே வெளியேறவும். அந்த 'போதே'யில்தான் எல்லாம் இருந்தது. இயங்காமல் போகும் ஒரு நாளை எழுதியவருக்குத் தெரியும் என்பதுபோல இருந்தது.

நிறுவனமும் உடனே வேலையில் இறங்கியது. எங்கள் மேலாளர் ஐதராபாத்திலேயே உப்பல் பகுதிக்காரர், தெலுங்கர். விடுமுறை நாளென்றும் பாராமல் பயண முகவரை எழுப்பி, ஞாயிறு காலை துபாய் விமானத்தில் ஒரு இடம் பிடித்துவிட்டார். பயணப் பாதுகாப்புக்கென்று நிறுவனம் அமர்த்தியிருந்த ஆலோசகர் ஒருவர் டெல்லியிலிருந்து பேசினார். மூவரும் தொலைபேசியில் ஒரே இணைப்பில் இருந்தோம். நான் வீட்டுக் கூடத்தில் மடிக்கணினியோடு உட்கார்ந்திருந்தேன்.

ஆலோசகர் கேட்டது ஒரே கேள்வி. "தங்கும் விடுதியிலிருந்து விமான நிலையம் வரைக்கும் சாலை எப்படி இருக்கிறது?"

சனாவுக்குக் குரல் அழைப்பு எதுவும் போகவில்லை. குறுஞ்செய்தி மட்டும் நினைத்தபோது போனது, நினைத்தபோது வந்தது. கேட்டு அனுப்பினேன். மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு பதில் வந்தது. அவர் எப்போதும்போல ஆங்கில எழுத்தில் தமிழ் அடித்திருந்தார்.

"பர்சோன் ஏர்போர்ட் ரோட்ல குண்டு வெடிச்சுச்சு. இப்போ ஃபுல்லா ஆர்மி. டென்ஷன் நக்கோ."

நக்கோ என்றால் வேண்டாம். அது ஐதராபாத் வந்த முதல் வாரத்திலேயே ஆட்டோக்காரர்கள் எனக்குக் கற்றுக்கொடுத்த சொல். பர்சோனை யாரும் கற்றுத்தரத் தேவையிருக்கவில்லை. பள்ளியில் படிக்கும்போதே இந்தித் தேர்வுகளை வரிசையாக எழுதிச் சான்றிதழ் வாங்கியவள் நான். பர்சோன் என்றால் முந்தாநாள், இல்லாவிட்டால் நாளை மறுநாள். வினைச்சொல் இறந்தகாலம், ஆகவே முந்தாநாள். இலக்கணப்படி சந்தேகத்துக்கே இடமில்லை.

"விமான நிலையச் சாலையில் முந்தாநாள் குண்டு வெடித்திருக்கிறது. இப்போது சாலை ராணுவத்தின் கையில்," என்று மறுபடி இணைப்புக்கு வந்த இருவருக்கும் ஆங்கிலத்தில் சொன்னேன்.



"அப்படியானால் அவரை நகர்த்தக்கூடாது," என்றார் ஆலோசகர். "ஒன்று வெடித்த இடத்தில் இன்னொன்றும் வெடிக்கும். விடுதிக்குள்ளேயே இருக்கட்டும். நிலைமை அடங்கியதும் பார்க்கலாம்."

"விமானம் நின்றுவிட்டால்?" என்றேன்.

"உயிரோடு காத்திருப்பார்."

அவர் கடுமையாகச் சொல்லவில்லை. சரியாகவும்தான் சொன்னார். சாயங்காலத்துக்குள் பயண முகவரிடம் சொல்லி இருக்கையை விட்டுவிடுவது என்று முடிவானது. மேலாளர் மட்டும், "உங்கள் கணவரே சொன்னாரா?" என்று மறுபடி கேட்டார். ஆமாம் என்றேன்.

இணைப்பைத் துண்டித்துவிட்டு, காத்திருக்கப்போகிறவருக்கு என்ன வேண்டும் என்று எழுத ஆரம்பித்தேன். குடிதண்ணீர். மின்கலம். பாஸ்போர்ட் நகல். அவர் ஆஸ்துமாவுக்கு உறிஞ்சும் மருந்து. அந்த இடத்தில் பேனா நின்றது. அது எத்தனை நாளைக்கு வரும் என்று எனக்குத் தெரியவில்லை.

"என்ன அண்ணி, பரீட்சையா?" என்று நாத்தனார் வந்து எட்டிப் பார்த்தாள்.

"அவர் நாளைக்கு வரல. அங்கேயே இருக்கப்போறார்."

சமையலறையிலிருந்து மாமியார் மாவுக் கையோடு வெளியே வந்தார். "கைக்கு?" என்றார். அந்த வீட்டில் 'ஏன்' என்பதற்கு அதுதான் சொல். "டிக்கெட் போட்டாச்சுன்னு சொன்னியேமா."

"முந்தாநாள் அந்த ரோட்ல குண்டு வெடிச்சிருக்கு அத்தை."

"யாரு சொன்னா?"

"உங்க பையன்தான்."

கைபேசியை நீட்டினேன். நாத்தனார் வாங்கிச் சத்தமாகப் படித்தாள். பிறகு இன்னொரு முறை மனதுக்குள் படித்தாள்.

"இதுல முந்தாநாள்னு எங்க அண்ணி இருக்கு?"

"பர்சோன்னு இருக்கே, கண்ணு தெரியலையா?"

அவள் அம்மாவைப் பார்த்தாள். அம்மா அவளைப் பார்த்தார். இருவருக்கும் சிரிப்பு வந்துவிட்டது. நான் அவ்வளவு கோபப்பட்டு அந்த வீட்டில் யாரும் பார்த்ததில்லை. எழுந்து நின்றுவிட்டேன்.

"கோபம் நக்கோ அண்ணி. ஒண்ணு சொல்லுங்க. உங்க கல்யாணம் எப்போ ஆச்சு?"

"அதுக்கும் இதுக்கும் என்ன?"

"பர்சோன் ஆச்சு!" என்றாள். "அப்பா ரிட்டையர் ஆனாரே, எப்போ? பர்சோன். நான் அஞ்சாங்கிளாஸ்ல மாடிப்படியில விழுந்து பல்லை உடைச்சுக்கிட்டேனே, அது?"

"அதுவும் பர்சோன்தான்," என்றார் மாமியார். "அந்த ஃப்ரிட்ஜ்கூட பர்சோன் வாங்கினதுதாம்மா."

ஃப்ரிட்ஜைத் திரும்பிப் பார்த்தேன். கதவின் கீழ்ப்பக்கம் துருப்பிடித்து உதிர்ந்திருந்தது. அதை இழுத்துச் சாத்த ஒரு ரப்பர் பட்டை போட்டிருந்தார்கள்.

"அப்போ முந்தாநாளை என்னன்னு சொல்வீங்க?"

"முந்தாநாள்னு சொல்வோம்," என்றாள் நாத்தனார். "கைக்கு, நாங்க தமிழங்கதானே?"

உட்கார்ந்தேன். காலையிலிருந்து செய்தித் தளங்களை அலசியபோது, அந்தச் சாலையில் குண்டு வெடித்ததாக இரண்டு மூன்று நாள் செய்திகளில் எங்கேயும் இல்லை. அது என்னை உறுத்தியிருந்தது. செய்தி வெளியே வராமல் அமுக்கிவிட்டார்கள் என்று நானே அதற்கு ஒரு காரணமும் சொல்லிக்கொண்டிருந்தேன். இப்போது அந்தக் காரணம் தேவைப்படவில்லை. ஆனாலும் ஒரு ஊகத்திலிருந்து இன்னொரு ஊகத்துக்குத் தாவக்கூடாது. அவருக்கு மறுபடி அனுப்பினேன், இரண்டே சொல்: "எந்த வருஷம்?"

அது போய்ச் சேர்ந்ததா என்று தெரிவதற்கு முன்பே மேலாளரை அழைத்தேன்.

"அவர் எழுதியதை அப்படியே படியுங்கள்," என்றார்.

படித்தேன். முதல் சொல்லைத் தாண்டவே அவர் விடவில்லை.

"அய்யோ! பர்சோன் என்றா எழுதியிருந்தார்? அம்மா, நான் பிறந்ததும் வளர்ந்ததும் உப்பல். அந்தச் சொல்லை என்னிடம் சொல்லியிருக்கக்கூடாதா? எதற்கு மொழிபெயர்த்தீர்கள்?"

"ஆலோசகருக்குப் புரிய வேண்டுமே என்று…"

"பிழைப் பதிவை அப்படியே அனுப்பு, உன் அபிப்பிராயத்தை அனுப்பாதே என்று புதுப் பையன்களை விரட்டுவது யார்?"

நான்தான். வாரம் ஒருமுறையாவது சொல்வேன்.

ஆலோசகரையும் இணைப்பில் சேர்த்தோம். ஐதராபாத்தில் முந்தாநாள் என்பது பத்து வருஷத்துக்கு முன்பாகவும் இருக்கலாம் என்று மேலாளர் அவருக்கு விளக்கினார். டெல்லிக்காரருக்கு நம்பிக்கை வரவில்லை. பர்சோன் என்றால் என்ன என்று தனக்கா பாடம் நடத்துகிறீர்கள் என்று கேட்டார்.

"அப்படியானால் இந்த ஊரில் நீங்கள் எப்படித்தான் கெடுவுக்கு வேலையை முடிக்கிறீர்கள்?"

"எங்கே சார் முடிக்கிறோம்!" என்றார் மேலாளர்.

ஆலோசகர் அப்போது சிரித்தார். ஆனால் எழுத்தில் உறுதி வந்தால்தான் முடிவை மாற்றுவேன் என்றார். இருக்கையை மட்டும் அதுவரை விடவேண்டாம் என்று மேலாளர் பயண முகவரிடம் கெஞ்சினார். நான் கைபேசியைக் கூடத்தின் ஜன்னல் விளிம்பில் வைத்தேன். அங்கேதான் சிக்னல் நன்றாக இருக்கும். மாமியார் சப்பாத்தி இடுவதை விட்டுவிட்டு வந்து ஜன்னலுக்குப் பக்கத்திலேயே நின்றார். தெருவில் கொய்யாப்பழ வண்டி போனது.

வெளிச்சம் இறங்கும் நேரத்தில் கைபேசி அதிர்ந்தது. நாத்தனார் முந்திக்கொண்டு எடுத்துப் படித்தாள்.

"நான் வர்றதுக்கு ரொம்ப முன்னாடி. டிரைவர் சொன்னான். அந்த ரோட்லதான் டெய்லி ஆபீஸ் போறேன். கைக்கு?"

அதை ஒரு எழுத்துக்கூட மாற்றாமல் இருவருக்கும் அனுப்பினேன். ஆலோசகருக்கு மட்டும் கீழே ஆங்கிலத்தில் பொருளை எழுதி, அதை மேலாளரிடம் சரிபார்க்கச் சொன்னேன். வழியில் சோதனைச் சாவடிகள் இருக்கும், ஆவணங்களைக் கையில் வைத்துக்கொண்டு பகல் வெளிச்சம் வந்ததும் புறப்படட்டும் என்று ஆலோசகர் பதில் எழுதினார். மேலாளர் ஒரே வரிதான் எழுதினார்: டிக்கெட் உறுதி.

மாமியார் சமையலறைக்குத் திரும்பிப் போனார். பூரிக்கட்டை மறுபடி உருளும் சத்தம் கேட்டது.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் என் கணவர் துபாயிலிருந்து அழைத்தார். பின்னால் விமான அறிவிப்புகள் கேட்டன. குரல் தெளிவாக இருந்தது. அவ்வளவு தெளிவாக அவர் குரலைக் கேட்டு வெகுநாளாகியிருந்தது.

"வந்துட்டேன். ரோட்ல ஒண்ணுமில்ல, நாலு இடத்துல பாஸ்போர்ட் பார்த்தாங்க, அவ்வளவுதான். ஆமா, கைக்கு எந்த வருஷம்னு கேட்டே?"

"வாங்க, சொல்றேன்."

"இப்பவே சொல்லு."

"நீங்க எழுதின பர்சோனை நான் இந்திப் பரீட்சைக்குத் திருத்திட்டேன்."

அவருக்குப் புரிய ஒரு நிமிடம் ஆனது. பிறகு அவர் சிரித்த சிரிப்பு என் பக்கத்தில் நின்ற நாத்தனாருக்கே கேட்டுவிட்டது. நானும் சிரித்தேன். சிரித்துக்கொண்டே நாற்காலியில் சாய்ந்து உட்கார்ந்தேன்.

அம்மாவுக்கு அழைத்துச் சொன்னேன்.

"எமன் ஊர்ல இருந்து வந்துட்டாவளா?"

"துபாய் வந்துட்டாரும்மா. ராத்திரிக்குள்ள வீட்டுக்கு வந்துருவார்."

"துபாய்னா சரி. அந்தப் பேருக்கு ஒரு கொறையுமில்ல," என்றாள்.

ஐதராபாத்தின் ஷம்ஷாபாத் விமான நிலையத்தில் அவர் வெளியே வந்தபோது கையில் மடிக்கணினிப் பையும், துணி சுற்றிய ஒரு தேன் டப்பாவும் இருந்தன. டிரைவர் கொடுத்தாராம். சோதனைச் சாவடிகளில் பாஸ்போர்ட்டை விட அந்த டப்பாவைத்தான் அதிகம் திறந்து பார்த்தார்களாம்.

அடுத்த வாரத்தில் அந்த விமான சேவை நின்றுவிட்டது என்று பயண முகவர் சொன்னார். என் கணவர் சனாவில் விட்டுவந்த வேலையைக் கச்சிபௌலியில் உட்கார்ந்தபடியே முடித்துக் கொடுத்தார். கொஞ்சம் தாமதமாயிற்று. வாடிக்கையாளர் கோபித்துக்கொள்ளவில்லை.

ஏமனுக்கான பயண எச்சரிக்கை இன்னும் நீக்கப்படவில்லை. எப்போதாவது அந்தப் பக்கத்தைத் திறந்து பார்க்கிறேன், ஒப்பிடுவதில்லை. அலுவலகம் தூரம் என்றாலும் நாங்கள் திருமுல்கேரியிலேயே இருந்துவிட்டோம். தேன் தீர்ந்துவிட்டது. அவர் வீட்டில்தான் இருக்கிறார்.