டேப் ஒட்டிய ஆறு கம்ப்யூட்டர்கள்

எங்கள் மருத்துவமனையில் கம்ப்யூட்டர் பழுது பார்க்கும் அக்காவை யாரும் பெயர் சொல்லிக் கூப்பிடுவதில்லை. ‘இன்னொருதரம் அக்கா’ என்றால்தான் எல்லாருக்கும் தெரியும். எந்த வேலையை முடித்தாலும் கிளம்புமுன் “இன்னொரு தரம் பாத்துடறேன்” என்பார். மூடிய கம்ப்யூட்டர் பெட்டியைத் திறந்து பார்ப்பார், மறுபடி மூடுவார், மூடியது சரிதானா என்று தட்டிப் பார்ப்பார். வார்டு நர்ஸ்கள் சிரிப்பார்கள். ஸ்டோரில் சாமான் எடுத்துக் கொடுக்கும் நானும் சிரித்திருக்கிறேன். அது முழுக்க முழுக்கப் பயம் என்று எனக்குப் புரிய ஏழு வருஷம் ஆனது.

பயத்துக்குக் காரணம் இருந்தது. படிப்பு முடித்த புதிதில் ஒரு ரிப்பேர் கடையில் வேலை பார்த்தபோது, அக்கா தவறான டிஸ்க்கை அழித்துவிட்டார். அதில் ஒரு குடும்பத்தின் எட்டு வருஷப் படங்கள் இருந்தன. இறந்துபோன குழந்தையின் படங்களும் அதில் சேர்த்தி. அந்த அம்மா கடைக்கு வந்து திட்டவில்லை. கல்லாப் பக்கத்து நாற்காலியில் கால் மணி நேரம் உட்கார்ந்திருந்துவிட்டு எழுந்து போய்விட்டார். அவர் திட்டியிருந்தால் தேவலையாக இருந்திருக்கும் என்று அக்கா என்னிடம் ஒருமுறை சொன்னார். அதற்குப் பிறகுதான் எதையும் இரண்டு தரம் பார்க்கும் வழக்கம் வந்தது.

அப்படிப்பட்டவர் செய்த ஒரே அசட்டை வேலையைத்தான் சொல்லப்போகிறேன்.

மருத்துவமனைக் கம்ப்யூட்டர்கள் எல்லாம் பழசு. சுவிட்சைப் போட்டுவிட்டுக் கை கழுவி வந்தாலும் திரை முழித்துக்கொண்டிருக்கும். உள்ளே இருந்த பெரிய ஹார்ட் டிஸ்க்கைக் கழற்றிவிட்டு எஸ்.எஸ்.டி. என்கிற சின்ன டிஸ்க்கைப் போட்டால் வேகம் வந்துவிடும் என்று முடிவானது. நாற்பத்திரண்டு கம்ப்யூட்டர்கள், இரண்டு வாரம், ஒரே ஆள்.

சின்ன டிஸ்க் உள்ளங்கையில் அடங்கும். ஒரு சீட்டுக்கட்டை விட மெலிசு. ஆனால் பெட்டிக்குள் இருக்கும் கூடு பெரிய டிஸ்க்குக்காகச் செய்தது. நேரே வைத்தால் இரண்டு பக்கமும் இடைவெளி விழும், திருகு போட ஓட்டை எட்டாது. அதற்காக ஒரு தகட்டுச் சட்டம் உண்டு. பிராக்கெட் என்போம். சின்ன டிஸ்க்கைப் பிராக்கெட்டில் திருகி, பிராக்கெட்டைக் கூட்டில் திருக வேண்டும். திருகுகளிலும் இரண்டு ஜாதி: பெரிய டிஸ்க்குக்கான திருகை மறந்துபோய்ச் சின்ன டிஸ்க்கில் முறுக்கினால் மரை தேய்ந்து வீணாகிவிடும். அக்கா இரண்டையும் தனித்தனி மாத்திரை டப்பாக்களில் வைத்திருந்தார்.

நாற்பத்திரண்டு டிஸ்க் வந்தது. பிராக்கெட் முப்பத்தாறுதான் வந்தது. மிச்சம் பின்னால் வரும் என்று நான்தான் சொன்னேன். வரவில்லை. திங்கட்கிழமை மேலிடத்திலிருந்து பார்வையிட ஆட்கள் வருகிறார்கள், சனிக்கிழமைக்குள் எல்லாம் முடிந்திருக்க வேண்டும் என்று பிரிவுத் தலைவர் நெருக்கினார். பிராக்கெட் இல்லை என்று அக்கா சொன்னபோது அவர் ஃபோனிலிருந்து கண்ணை எடுக்காமலே, எப்படியாவது நிறுத்துங்கள், அதில் சுற்றுகிற பாகம் ஒன்றும் கிடையாதே, ஆடினாலும் கெடாது என்றாராம்.

அது பொய் இல்லை. வீட்டுக் கம்ப்யூட்டரில் பலபேர் அதை அப்படியே தொங்கவிட்டிருக்கிறார்கள். அக்கா இருபக்கமும் ஒட்டும் டேப்பை வாங்கி, கடைசி ஆறு டிஸ்க்குகளையும் கூட்டின் பக்கத் தகட்டில் ஒட்டினார். வேலை முடித்த படிவத்தில் ‘பிராக்கெட் பொருத்தப்பட்டதா’ என்று ஒரு கட்டம் இருந்தது. முப்பத்தாறு தரம் டிக் போட்டு வந்த கை, அடுத்த ஆறிலும் டிக் போட்டது. தலைவர் கையெழுத்திட்டார். பார்வையிட வந்தவர்கள் வேகத்தைப் பாராட்டிவிட்டுப் போனார்கள்.

அன்றிலிருந்து அக்காவுக்குச் சோறு இறங்கவில்லை. அந்த ஆறு எங்கெங்கே என்பது அவருக்கு மனப்பாடம்: மருந்து கொடுக்கும் ஜன்னல், எக்ஸ்ரே பதிவு, பிரசவ வார்டு, ரத்த வங்கி, பரிசோதனைக் கூடம், அறுவை அரங்கு. வெயில் ஏற ஏற டேப்பின் பசை இளகும் என்ற நினைப்பு வரும். ஃபோன் அடித்தால் அந்த ஆறில் ஒன்றுதான் என்று ஓடுவார். அழைப்பது பிரிண்டரில் காகிதம் சிக்கியதற்காக இருக்கும்.

ஐந்தாவது வாரம், ஒரு புதன்கிழமை காலை பதினொரு மணிக்கு ரத்த வங்கியிலிருந்து அழைப்பு வந்தது. திரை கறுத்துவிட்டது, அரங்கில் ரத்தம் கேட்கிறார்கள், சீக்கிரம் வாருங்கள் என்று அங்கிருந்த டெக்னீஷியன் சொன்னார். அக்கா ஸ்டோர் வாசலைக் கடந்து ஓடியதை நான் பார்த்தேன். முகம் பேயறைந்தது போல இருந்தது.

பெட்டியைத் திறந்தால் அவர் பயந்தபடியே. டேப் உரிந்து, டிஸ்க் அடித்தட்டில் விழுந்து கிடந்தது. விழுந்த வேகத்தில் கேபிள் பாதி வெளியே வந்திருந்தது. பக்கத்தில் டெக்னீஷியன் பழைய நோட்டுப் புத்தகங்களை இறக்கி வைத்து, எந்தப் பை எந்த வகை என்று விரலால் ஒவ்வொரு வரியாகத் தேடிக்கொண்டிருந்தார். கேபிளைச் செருகி, டிஸ்க்கைப் புது டேப்பால் ஒட்டி, திரை வருவதற்கு இருபத்திரண்டு நிமிஷம் ஆனது.

வெளியே பெஞ்சில் ஒரு மனிதர் உட்கார்ந்திருந்தார். மடியில் ஒரு பெண்ணின் செருப்பு ஜோடி, செய்தித்தாளில் சுற்றி. ரத்தத்துக்காகக் காத்திருந்த நோயாளியின் கணவர் அவர். கதவு திறந்ததும் எழுந்து நின்று, “கம்ப்யூட்டர் சரியாயிடுச்சாம்மா?” என்று கேட்டார். அக்காவால் தலையை மட்டும்தான் ஆட்ட முடிந்தது. அவர் இரண்டு கையையும் கூப்பினார். அந்தக் கும்பிடு அக்காவைக் கொன்றுபோட்டது.

அவர் மனைவிக்கு ஆபத்து ஒன்றும் நேரவில்லை என்று சாயங்காலம் தெரிந்தது. கேபிள் லூஸாகிவிட்டது என்று அக்கா எழுதிக் கொடுத்தார். தலைவர் படித்துப் பார்த்து, பழைய கேபிள் என்று முணுமுணுத்து, கோப்பில் போட்டுவிட்டார். யாருக்கும் சந்தேகம் வரவில்லை. வந்திருந்தால்கூடத் தாங்கியிருப்பேன் என்றார் அக்கா.

வீட்டுக்குப் போய்த் தன் கணவரிடம் எல்லாவற்றையும் கொட்டினார். கணவர் அலுமினிய ஜன்னல் செய்யும் பட்டறையில் வேலை செய்பவர், அதிகம் பேசாதவர். கேட்டுவிட்டுக் காகிதமும் பென்சிலும் எடுத்துவந்தார்.

“அந்த பிராக்கெட் என்ன அளவு?”

“நீங்க எதுக்குக் கேக்கறீங்க?”

“தினம் ஆறு ஜன்னல் செய்யற எனக்கு ஆறு தகடு வெட்டத் தெரியாதா? அளவச் சொல்லு.”

அக்கா சொன்னார். சின்ன டிஸ்க்கின் அகலம் எழுபது மில்லிமீட்டர். கூட்டின் அகலம் நூற்றொன்றரைக்குக் கொஞ்சம் மேலே. ஓட்டைகளின் இடத்தைச் சொல்லும்போது தானே தடுமாறினார்; மறுநாள் ஒரு நல்ல பிராக்கெட்டை ஒரு ராத்திரிக்கு மட்டும் கழற்றிக் கொண்டுபோய் மேசையில் வைக்க, இருவரும் அளந்தார்கள். கணவர் ஆறு செய்தார். வெட்டிய ஓரம் கேபிளைக் கிழித்துவிடக் கூடாதென்று ஒவ்வொன்றையும் அரத்தால் தேய்த்தார். தேய்த்ததை அக்கா விரலால் தடவிப் பார்த்து, இரண்டைத் திருப்பிக் கொடுத்தார். “உன்னக் கட்டிக்கிட்டதுக்கு ஒரு ஜன்னலக் கட்டிக்கிட்டிருக்கலாம்” என்று சொல்லிக்கொண்டே அவர் மறுபடி தேய்த்தாராம்.

அடுத்த மூன்று நாளில் ஐந்து கம்ப்யூட்டர்கள் சரியாகின. தூசி தட்டவேண்டும் என்று சாக்குச் சொல்லி, சாப்பாட்டு நேரம் பார்த்துப் போய், டேப்பைப் பிய்த்துவிட்டுப் பிராக்கெட்டில் திருகினார். பரிசோதனைக் கூடத்தில் டேப்பின் ஒரு முனை ஏற்கெனவே கிளம்பியிருந்தது. பிரசவ வார்டில் திருகு ஒன்று கைதவறிப் பெட்டிக்குள் விழுந்து, அதைத் தேடி எடுப்பதற்குள் யாராவது வந்துவிடுவார்களோ என்று கதவைப் பார்த்துக்கொண்டே இருந்தார்.

ஆறாவதுதான் அறுவை அரங்கு. சர்ஜனுக்கு ஸ்கேன் படங்களைக் காட்டும் கம்ப்யூட்டர் அது. அரங்கில் இடைவெளியே இல்லாமல் காலை முதல் மாலை வரை ஆபரேஷன் கேஸ். மாலையில் கழுவிப் பூட்டிவிடுவார்கள். உள்ளே நுழையச் சீனியர் சிஸ்டரின் அனுமதி வேண்டும். அனுமதிக்குக் காரணம் வேண்டும். தூசி என்று சொன்னால் அந்த சிஸ்டர், என் அரங்கில் தூசியா என்று திருப்பிக் கேட்பார்.

அக்கா நேராக என்னிடம் வந்தார். அப்போதுதான் எனக்கு முழுக் கதையும் தெரிந்தது. சொல்லி முடித்துவிட்டு, என்ன செய்யட்டும் என்று கேட்டார். நான் என்ன சொன்னேன் என்பதை எழுதக் கூச்சமாக இருக்கிறது. ஞாயிற்றுக்கிழமை வரை பொறுத்துக்கொள்ளுங்கள், அரங்கு காலியாக இருக்கும், கமுக்கமாக முடித்துவிடலாம் என்றேன். பிராக்கெட் குறைவாக வந்ததை நானும் யாரிடமும் எழுதிக் கொடுக்கவில்லை. விசாரணை வந்தால் என் தலையும் உருளும்.

“ஞாயித்துக்கெழமைக்குள்ள பதினாலு கேஸ் இருக்கு. எண்ணிப் பாத்துட்டேன்” என்றார் அக்கா.

பிறகு எழுந்து போனார். அரங்குக்குப் போகும் நடையில் சிவப்புக் கோடு போட்டிருக்கும். அதற்குமேல் வெளிச் செருப்போடு போகக்கூடாது. அந்தக் கோட்டுக்கு இந்தப் பக்கம் நின்றபடி, இரண்டு கேஸ்களுக்கு நடுவே வெளியே வந்த சீனியர் சிஸ்டரிடம் பேசினார். நான் கொஞ்சம் தள்ளித் தள்ளுவண்டியோடு நின்றேன்.

“சிஸ்டர், உள்ள இருக்கற கம்ப்யூட்டர்ல டிஸ்க்க நான் சரியா மாட்டல. டேப் போட்டு ஒட்டியிருக்கேன். மாட்டிட்டேன்னு பொய்யா எழுதிக் குடுத்துட்டேன்.”

சிஸ்டர் முகக்கவசத்தை இறக்கினார். “அது விழுந்தா?”

“படம் போயிடும். திரும்ப வர்றதுக்கு இருபது நிமிஷம் ஆகும். ரத்த வங்கியில அன்னைக்கு நின்னது அதாலதான்.”

சிஸ்டர் திரும்பிச் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தார். அந்தக் கொஞ்ச நேரத்தில் அக்காவின் முழங்கால் ஆடுவதை என்னால் பார்க்க முடிந்தது. பிறகு சிஸ்டர், அடுத்த கேஸை அரை மணி தள்ளச் சொல்லி உள்ளே குரல் கொடுத்தார். அக்காவிடம், “கை கழுவு. கவுன் போட்டுக்கோ. அரை மணிதான்” என்றார்.

அக்கா பெட்டியைத் திறந்தார். டேப் பாறை மாதிரிப் பிடித்திருந்தது. இழுத்தால் வரவில்லை, பிளேடால் அறுத்து, எண்ணெய் தொட்டுத் தேய்த்துத்தான் எடுக்க முடிந்தது. எது விழும் என்று இத்தனை நாள் தூக்கம் கெட்டாரோ அது அசையவே இல்லை. அதைப் பார்த்ததும் சிரிப்பு வரவில்லை, அழுகை வந்தது என்றார். நான்கு திருகு பிராக்கெட்டில், நான்கு கூட்டில். பத்தொன்பது நிமிஷத்தில் படம் வந்தது.

கவுனைக் கழற்றிப் போட்டுவிட்டு நேரே தலைவரிடம் போனார். தலைவர் கத்துவார் என்று எதிர்பார்த்திருந்தார். தலைவரோ வெளுத்துப்போனார். கையெழுத்து அவருடையது. கொஞ்ச நேரம் பேனா மூடியைத் திருகித் திருகிப் பார்த்துவிட்டு, “எப்படியாவது நிறுத்துங்கன்னு நான்தான் சொன்னேன்ல” என்று தனக்குத்தானே கேட்டுக்கொண்டார். பிறகு கோபம் வந்தது. வந்தபோது நன்றாகவே வந்தது.

ஒரு டிக் பொய் என்றால் மற்றவற்றை எப்படி நம்புவது? முப்பத்தாறு கம்ப்யூட்டர்களையும் எங்கள் மருத்துவமனையின் வேறு கிளையிலிருந்து வந்த ஒரு டெக்னீஷியன் திறந்து பார்த்தார். அக்கா கூடவே போகவேண்டும். ஆனால் எதையும் தொடக்கூடாது. ஒரு வார்டிலிருந்து இன்னொரு வார்டுக்கு, கையைப் பின்னால் கட்டிக்கொண்டு அவர் நடந்ததை எல்லாரும் பார்த்தார்கள். தன் கையால் போட்ட திருகு தன்னைக் காட்டிக்கொடுத்துவிடுமோ என்று அந்த இரண்டு நாளும் பயந்தபடியே இருந்தார். முப்பத்தாறிலும் எட்டெட்டுத் திருகும் சரியாக இருந்தன. கடைசியில் மற்ற ஆறையும் திறந்தபோது, அந்த டெக்னீஷியன் அக்காவின் கணவர் செய்த பிராக்கெட்டைத் தடவிப் பார்த்து, இதை எங்கே வாங்கினீர்கள் என்று கேட்டாராம். அக்கா அடுத்த வார்டுக்கு வழி காட்டினார். அதுவும் ஏதாவது குற்றமாகிவிடுமோ என்று பயம்.

எச்சரிக்கைக் கடிதம் வந்தது. அந்த வருஷப் பதவி உயர்வு நின்றது. கடிதத்தைப் பிரிக்கவே அக்காவுக்குத் தைரியம் வராமல், என் மேசையில் வைத்துப் படிக்கச் சொன்னார். நான் படித்தேன். நடுவில் ஒரு வரி, ‘தானாக முன்வந்து தெரிவித்ததைக் கருத்தில் கொண்டு’ என்று இருந்தது. அந்த வரியை மட்டும் அவரே வாங்கிப் படித்தார்.

எனக்குக் கடிதம் எதுவும் வரவில்லை. யாரும் என்னைக் கேட்கவில்லை, அக்காவும் என் பெயரை எடுக்கவில்லை. அடுத்த வாரம் நானாகப் போய்த் தலைவரிடம் பிராக்கெட் குறைவாக வந்ததை நான் எழுதிக் கொடுக்காமல் விட்டதைச் சொன்னேன். அவர் கதவைச் சாத்திவிட்டு உட்காரச் சொன்னார். உட்கார்ந்தபோதுதான் தெரிந்தது, அன்று நடையில் அக்காவின் முழங்கால் ஏன் அப்படி ஆடியது என்று.