மூச்சு வாங்கிய சீமைப்பெருச்சாளி

சீமைப்பெருச்சாளி மனிதரின் இழுப்பு நோயைத் தன் மூச்சில் வாங்கிக்கொள்ளும் என்று எங்கள் வீட்டில் நம்பினார்கள். புறாச் சிறகின் காற்று வாதத்துக்கு நல்லது என்று நம்பிய வீட்டில் இது புதுமையன்று. புல்லின் ஈரமே அதற்குப் போதும், தண்ணீர் வேண்டாம் என்பதும் அதோடு சேர்ந்துகொண்டது. இரண்டும் பொய்.

அப்போது எனக்குப் பன்னிரண்டு வயது. கொழும்பில் கடை வைத்திருந்த தாய்மாமா தனுஷ்கோடிக் கப்பலில் வந்திறங்கியபோது, ஓலைக்கூடையில் இரண்டு சீமைப்பெருச்சாளிகளை எனக்கென்று கொண்டுவந்தார். ஒன்று செம்மண் நிறம்; மற்றது வெள்ளை. வால் கிடையாது. கினிப்பன்றி என்பார்கள்; ஆனால் எலியும் இல்லை, பன்றியும் இல்லை. நான் அகத்திக்கீரை உருவும் சத்தம் கேட்டாலே இரண்டும் விசிலடிக்கும். ஒன்றின்மேல் ஒன்று சாய்ந்துதான் உறங்கும்.

பத்தே நாளில் பெரியய்யா அவற்றை எடுத்துக்கொண்டார். அய்யாவின் அண்ணன், அவர் சொல்லுக்கு வீட்டில் மறுசொல் இல்லை. காற்றுப் பட்டால் இழுப்பு வரும் என்று சன்னல்களைச் சாத்தியே வைத்திருந்த தகரக் கூரை அறையில், அவருடைய கட்டிலடிக்குக் கூண்டு போயிற்று. சித்திரை வெயில். நண்பகலில் செந்நிறத்தது வயிற்றைத் தரையில் பரப்பிக்கொண்டு இளைத்தது.

“பாத்தியா தாயி, அதுக்கு மூச்சு வாங்குது” என்றார் மகிழ்ச்சியோடு. “என் மூச்சைத்தான் வாங்குது.”

வெயிலில் இளைப்பதற்கும் எங்கள் பேச்சில் அதுதானே சொல்! அவர் அதை அப்படியே எடுத்துக்கொண்டார்.

“தண்ணி வைக்கட்டுமா பெரியய்யா?”

“வச்சிராத! தண்ணி குடிச்சா வாங்குனதைக் கக்கிரும்.”

மூன்றாம் நாள் அது இறந்தது. அழுதுகொண்டே அதைக் கையில் எடுத்தேன்.

“எதுக்கு அழுகுற? பாதி நோவைக் கொண்டுபோயிருச்சு. மிச்சத்துக்கு வெள்ளை கெடக்குல்ல?”

அழுகையை நிறுத்திவிட்டேன். மறுநாள் நண்பகலில் வெள்ளையும் இளைத்தது. கூண்டருகே குனிந்து வெகுநேரம் பார்த்தபின் நிதானமாகச் சொன்னேன்:

“பெரியய்யா, இதுக்கு மூச்சு வாங்கல.”

“பெறகு?”

“விடுது. உங்க பக்கமாத் திரும்பி மூச்சு விடுது. செத்தது வாங்குனதையும் சேத்து.”

அவர் முகம் வெளுத்தது. நெஞ்சுக்குள் விசில் கேட்கத் தொடங்கியது. “தூக்கிட்டுப் போடீ அதை!”

நான் அவசரப்படவில்லை. சிரட்டையில் தண்ணீர் மொண்டு வந்து, அவர் கண்முன்னே கூண்டுக்குள் வைத்தேன். வெள்ளை குடித்தது. அது குடித்து முடிக்கும்வரை அவர் வாயைத் துண்டால் பொத்திக்கொண்டு மூச்சு இழுத்துக்கொண்டிருந்தார். பிறகுதான் கூண்டைத் தூக்கினேன்.

அதன்பின் கீரை பறிக்கக் கொல்லைக்குப் போகும்போதெல்லாம் வெள்ளையை மார்போடு அணைத்தபடி அவர் அறை வாசலைக் கடப்பேன். துண்டு சட்டென்று வாய்க்குப் போகும். கொல்லைக்கு வேறு வழி இருந்தது. ஒருநாளும் அதில் போனதில்லை.

இணை இல்லாமல் அந்தப் பிராணி ஏங்கிப்போகும் என்றும், வெயில்தான் அதற்கு எமன் என்றும் பிற்காலத்தில் புத்தகத்தில் படித்தேன். எங்கள் வெள்ளை கீரைச் சத்தம் கேட்டு விசிலடித்துவிட்டு, பக்கத்தில் இருந்த வெற்றிடத்தைத் திரும்பிப் பார்க்கும். அதை நான் புத்தகத்தில் படித்துத் தெரிந்துகொள்ளவில்லை.

பெரியய்யாவுக்காக வருந்த வேண்டும் என்று பலமுறை முயன்றிருக்கிறேன். செந்நிறத்ததன் சூடான வயிறு உள்ளங்கையில் நினைவு வந்துவிடும். அத்தோடு சரி.

வெள்ளை மூன்று ஆண்டுகள் இருந்தது. பெரியய்யா அதைவிடச் சற்று அதிகம். அந்த அறையில் அன்று மூச்சு விட்டுக்கொண்டிருந்த மூவரில் இப்போது நான் ஒருத்திதான் இருக்கிறேன்.