மூடிய மென்பொருளை வரவேற்ற அன்வர் பாய்

அன்வர் பாய் இறந்த செய்தி, அடக்கம் முடிந்த மறுநாள்தான் எனக்குக் கிடைத்தது. வேலூர் பஜாரில் எதிர்ப்பட்ட நம் லினக்ஸ் பயனர் குழு நண்பர் ஒருவர், "குரூப்ல போட்டிருந்தமே, பாக்கலையா?" என்றார். நான் வாட்ஸ்அப் வைத்துக்கொள்வதில்லை என்பது உங்கள் எல்லோருக்கும் தெரியும். மூல நிரலைக் காட்டாத எந்த மூடிய மென்பொருளையும் நான் வைத்துக்கொள்வதில்லை. நம் கூட்டம் எங்கே, எப்போது என்று இத்தனை வருடமும் தனியாகப் போன் செய்து சொன்னவர் பாய் ஒருவர்தான். அவர் சாவைச் சொல்ல உங்களில் ஒருவருக்கும் தோன்றவில்லை.

ஆம்பூரில் ஷூவின் மேல்பகுதிக்குத் தோல் வெட்டுவதற்கான பேட்டர்ன் வரைந்து கொடுக்கும் சிறிய யூனிட் ஒன்றில் கம்ப்யூட்டர்களைப் பார்த்துக்கொண்டவர் அவர். அங்கே ஓடிக்கொண்டிருந்த மென்பொருள் திருட்டு நகல்களை எல்லாம் அழித்துவிட்டு, மூல நிரல் திறந்திருக்கும் லினக்ஸைப் போட்டார். என்னைப் போலவே யாரிடமும் பாடம் கேட்காமல் கற்றவர். அதனால் எங்களுக்குள் சண்டைக்குக் குறைவில்லை.

பெரிய சண்டை பாகாயத்தில் கூடிய நம் குழுக் கூட்டத்தில் நடந்தது. தோலில் வடு இருக்கும் இடங்களை விலக்கி, தோல் வீணாகாதபடி பேட்டர்ன் துண்டுகளை நெருக்கி அடுக்கும் மென்பொருள் ஒன்றுக்கு லினக்ஸ் பதிப்பு வந்திருந்தது. மூல நிரல் தரமாட்டார்கள். பாய் அதை வாங்கிவிட்டார்.

"இன்னிக்கு விருந்தாளியா வருவான், நாளைக்கு வூட்டுக்காரன் ஆய்டுவான் பாய். பேட்டர்ன் எல்லாம் அவன் கைக்குப் போய்டும்" என்றேன்.

"வரட்டும்ணே. நம்ம வூட்டுச் சட்டத்துக்குக் கட்டுப்பட்டு நிக்கட்டும். தோல் ஜாஸ்தி வேஸ்ட் ஆச்சுன்னா மொதலாளி நாளைக்கே லினக்ஸத் தூக்கிடுவாரு. அப்புறம் நீங்களும் நானும் யாரை வெச்சிக்கினு இதை வளக்கறது?"

நீங்கள் எல்லோரும் அவருக்குத்தான் கை தட்டினீர்கள். நான் டீகூடக் குடிக்காமல் எழுந்து வந்தேன்.

கடைசியில் நான் சொன்னதுதான் நடந்தது. அந்தக் கம்பெனி லினக்ஸ் பதிப்பை நிறுத்தியது. ஒருநாள் காலையில் மென்பொருள் திறக்கவில்லை. அதற்குள் மாட்டிய பேட்டர்ன்கள் போனால் ஆர்டர் போகும், அங்குள்ள பெண்களின் வேலையும் போகும். அந்த நேரத்திலும் பாய் முதலில் கூப்பிட்டது என்னைத்தான்.

"நீங்க சொன்ன மாதிரியே ஆய்ட்ச்சுண்ணே. வந்து நல்லா திட்டிட்டுப் போங்க."

திட்டத்தான் பஸ் ஏறினேன். அங்கே போனால், பேட்டர்ன் போடும் பரிமளா ஒரு கட்டற்ற மென்பொருளில் நிதானமாக வேலை செய்துகொண்டிருந்தார். ஒரு பேட்டர்ன்கூடத் தொலையவில்லை. எல்லாவற்றுக்கும் எந்த மென்பொருளிலும் திறக்கிற பொது வடிவத்தில் ஒரு நகல் எடுக்காமல், முதல் நாளிலிருந்தே பாய் யாரையும் சாயங்காலம் வீட்டுக்கு அனுப்பியதில்லையாம்.

"இவரு தொல்லை தாங்கலண்ணே. பஸ்ஸு போனாலும் வுடமாட்டாரு" என்றார் பரிமளா.

"இவ்ளோ தூரம் வந்துட்டீங்க, ரெண்டு வார்த்தையாவது திட்டுங்கண்ணே" என்று பாய் சிரித்தார். நான் பரிமளாவின் பக்கத்தில் உட்கார்ந்து ஒவ்வொரு நகலாகத் திறந்து பார்த்தேன். வடு பார்த்து அடுக்குவதை மட்டும் மறுபடி கையால் செய்தார்கள். தோல் கொஞ்சம் கூடுதலாக வீணாயிற்று. அந்த வேலையில் அந்த மென்பொருள் கெட்டிதான், மறுக்கவில்லை.

என் கருத்து மாறவில்லை. மூடிய மென்பொருளை உள்ளே விடக்கூடாது என்றுதான் இன்றும் சொல்வேன். பாய் பெயரைச் சொல்லிக் கண்டதையும் நிறுவிக்கொள்கிறவர்களைக் கேட்கிறேன்: விருந்தாளியை வரவேற்றவனுக்கு உள்ள பொறுப்பை அவரைப் போல ஏற்றவர் உங்களில் யார்?

அவருடைய வாதத்தை நான் எடுத்துக்கொள்ளவில்லை. தன் கணக்கு பொய்த்த அன்று, எதிர்த்து நின்றவனையே முதலில் கூப்பிட்டு அதைச் சொன்ன அந்தக் குரலை வைத்துக்கொள்கிறேன். அந்தத் தைரியம் எனக்கு இருந்ததில்லை.