வெந்நீர்க் குழாயின் இடி

கொண்டாப்பூரில் நாங்கள் குடியிருந்த அடுக்குமாடியில், மொட்டைமாடி சோலார் தொட்டியிலிருந்துதான் எல்லா வீட்டுக்கும் வெந்நீர் வரும். நான் நான்காம் வகுப்புப் படித்த குளிர்காலத்தில் அந்தக் குழாய்க்கு யார்மேல் கோபமோ, தினமும் காலையில் எங்கள் குளியலறைச் சுவருக்குள் டம் டம் என்று இடிக்க ஆரம்பித்தது. பிறகு ஒன்றுமே நடக்காததுபோல் அமைதியாகிவிடும்.

முதலில் சண்டைக்கு வந்தவர் கீழ்வீட்டு ஆன்ட்டி. தலைமுறை தலைமுறையாகச் செகந்திராபாத்தில் இருந்த தமிழ்க் குடும்பம் அவர்களுடையது; 'ஏன்' என்பதற்குக் 'கைக்கு', 'வேண்டாம்' என்பதற்கு 'நக்கோ' என்று அவர் தமிழில் அந்த ஊர் உருது கலந்திருக்கும்.

"கைக்கும்மா காலங்காத்தால சுத்தியல் போடுறீங்க? எங்க வீட்டுக்காரருக்கு பிபி இருக்கு. இந்தக் கூத்தெல்லாம் நக்கோ!"

வெள்ளிக்கிழமைகளில் திட்டு இன்னும் பலமாக விழும். அன்று எங்களுக்கு எண்ணெய்க் குளியல். வாளி வாளியாக வெந்நீர் பிடித்தாக வேண்டும்.

அப்போது அம்மாவின் தம்பி, என் மாமா, எங்களோடு இருந்தார். பட்டான்செருவில் ஒரு மருந்துக் கம்பெனியில் பாய்லர் பார்த்துக்கொண்டிருந்தவர். கம்பெனியை மூடியதும் ஒரு வாரம் இருந்துவிட்டுப் போகிறேன் என்று வந்தார். தீபாவளியும் போயிற்று. ஹாலில் சுவரைப் பார்த்துப் படுத்தவர் எழுந்திருக்கவே இல்லை. சாப்பிடக் கூப்பிட்டால் "அப்புறம்" என்பார். தாடி மட்டும்தான் அவரிடம் விடாமல் வேலை செய்துகொண்டிருந்தது. "அவன் எந்திரிச்சு நடமாடினாப் போதும், வேற ஒண்ணும் வேணாம்" என்று அம்மா ஊருக்குப் போன் போட்டு அழுததைக் கேட்டிருக்கிறேன்.

ஒருநாள் இடி விழுந்தபோது மாமா தலையைத் தூக்கினார்.

"அக்கா, குழாய்ல காத்து அடைச்சிருக்கும்."

அம்மா அடுப்பை அணைத்துவிட்டு ஓடிவந்தாள். "அப்படியாடா? எனக்கு என்ன தெரியும், நீயே பாரேன்."

மாமா பார்த்தார். காற்று இல்லை. சூட்டில் குழாய் நீண்டு சுவரில் இடிக்கிறது என்றார் மறுநாள். அதுவும் இல்லை. மொட்டைமாடிக்கு ஏறினார், ஒவ்வொரு வீட்டுக் கதவையும் தட்டி விசாரித்தார், குழாய்கள் இறங்கும் இடுக்குக்குள் டார்ச்சோடு தலையை விட்டார். அங்கிருந்தே "அக்கா, வாளி பிடி! இப்ப மூடு!" என்று கத்துவார். அம்மா குழாயின் கைப்பிடியைப் பட்டென்று அடித்து மூடுவாள். டம்! மாமா யோசித்துக்கொண்டே வந்து, பசிக்கிறது என்பார். அம்மா இன்னொரு தோசை வார்ப்பாள்.

ஒரு வெள்ளிக்கிழமை மாமா ஏதோ ஸ்பானர் வாங்கக் கடைக்குப் போயிருந்தார். அம்மா எனக்குத் தலைக்கு ஊற்ற வெந்நீர் பிடித்தாள். வாளி நிரம்பியதும் கைப்பிடியை இரண்டே விரலால், தூங்குகிற குழந்தைக்குப் போர்வையை இழுத்துவிடுவதுபோல, மெல்லத் திருப்பினாள். சுவரிலிருந்து ஒரு சத்தமும் வரவில்லை.

"அம்மா, இடிக்கவே இல்லையே!"

"உஷ். கண்ணை மூடு, சீயக்காய் பட்டுடும்."

மறுநாள் மாமா கத்தியதும் மறுபடி பட்டென்று அடித்தாள். டம்! ஆன்ட்டி வந்து திட்டினார். அம்மா வாங்கிக்கொண்டாள்.

கடைசியில் மாமாவே கண்டுபிடித்தார். இடுக்குக்குள் குழாயைச் சுவரோடு பிடித்திருந்த கிளாம்புகள் கழன்றிருந்தன. வாளி வழிந்துவிடுமே என்று நாம் சட்டென மூட, வேகமாக வந்த தண்ணீர் நிற்கமுடியாமல் குழாயையே உதறுகிறது.

"எல்லாம் நம்ம வாளிக் குளியல் பண்ற வேலை, அக்கா! மெதுவா மூடணும்!" என்று கட்டடமே கேட்கும்படி முழங்கினார்.

அம்மா கன்னத்தில் கைவைத்துக்கொண்டாள். "அடேயப்பா! இதெல்லாம் வேற யாருக்குடா தோணும்?"

மாமா புது கிளாம்பும் ரப்பரும் போட்டார். இடி நின்றது. ஆன்ட்டி ஒரு கிண்ணம் குபானி மீட்டா இனிப்பு கொடுத்தனுப்பினார். அடுத்த திங்கட்கிழமை மாமா தாடியை மழித்துக்கொண்டு, இஸ்திரி போட்ட சட்டையோடு பட்டான்செரு ஷேர் ஆட்டோவில் ஏறி வேலை தேடப் போனார். ஆட்டோ மறையும்வரை அம்மா பால்கனியில் நின்று சிரித்துக்கொண்டே கண்ணைத் துடைத்தாள்.

எனக்கு மட்டும் அவளை நினைத்து ஒரே கவலை. வெள்ளிக்கிழமை அவ்வளவு அழகாகக் குழாயை மூடத் தெரிந்தவள், சனிக்கிழமைக்குள் அதை அடியோடு மறந்துபோனாளே! அன்று சாயங்காலம் அப்பா வந்ததும் காதோடு காதாக, அம்மாவுக்கு வல்லாரைக் கீரை வாங்கிவரச் சொன்னேன்.